எதிர்ப்பு மனுவுக்கு ஏன் கட்டணம்?

வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, துணியில் முடிந்து, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் பிழிந்து வடிகட்டி, ஒட்டிக்கொள்வதற்காகக் கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துப் பயிருக்குத் தெளிப்பார்கள். 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு என்று வேளாண் துறையும் சொல்லும். இலையில் இந்தச் சாறு பட்டால் பூச்சி அதைத் தின்ன மறுக்கிறது என்பதை ஆய்வுக்கூடங்களும் வெகுகாலமாக அறியும். 1962-லேயே டெல்லியிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வேப்பம் பருப்புக் கரைசல் தெளித்த இலைகளை வெட்டுக்கிளிகள் தொடாமல் விட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். 1968-இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் அசாடிராக்டின் என்ற மூலக்கூறைப் பிரித்தெடுத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 1994-இல், பயிரில் பூஞ்சாணத்தைக் கட்டுப்படுத்த வேப்ப எண்ணெயைப் பயன்படுத்தும் முறைக்கு, டபிள்யூ. ஆர். கிரேஸ் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் சேர்த்து ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் உரிமை வழங்கியது. அதை எதிர்த்து வந்தனா சிவாவின் ஆய்வு அமைப்பும், ஐரோப்பியப் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மக்தா ஆல்வூட்டும், இயற்கை வேளாண் இயக்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பும் மனு கொடுத்தன. 1980களிலிருந்தே இத்தகைய சாற்றைத் தயாரித்துவந்த ஓர் இந்தியத் தொழில்முனைவோர் மியூனிக்கிலுள்ள அந்த அலுவலகத்துக்கே சென்று சாட்சி சொன்னார். 2000 மே மாதம் உரிமை ரத்தானது. மேல்முறையீடு 2005 மார்ச்சில்தான் தள்ளுபடியானது. மனு கொடுத்ததிலிருந்து கணக்கிட்டால் பத்தாண்டுகள்.

இந்த வழக்கை நாம் பெரும்பாலும் வெற்றிக் கதையாகவே சொல்லிவருகிறோம். எனக்கு அந்தப் பத்தாண்டுகள்தான் உறுத்துகின்றன. உரிமை வழங்கிய அலுவலகத்தின் ஆய்வாளர் சோம்பேறியாகவோ கெட்ட எண்ணம் கொண்டவராகவோ இருக்க வேண்டியதில்லை. அவர் மேசையில் இருப்பவை விண்ணப்பமும், அச்சில் வந்த கட்டுரைகளும், பழைய காப்புரிமை ஆவணங்களும் மட்டுமே. வயலில் நடப்பது அந்த மேசைக்கு வருவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு புதியதா என்ற கேள்விக்கான விடை அலுவலகத்துக்கு வெளியே, அதை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவரிடம் இருக்கிறது. அவர் உரிமை வழங்கப்படும் முன்பே உள்ளே வந்து பேச ஒரு வழி வேண்டும். அந்த வழி நம் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் 2024-இல் அதைக் குறுக்கிவிட்டோம். இந்த வாரம் நான் வாதிட விரும்புவது அதைப் பற்றித்தான்.

முதலில் ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். ‘அமெரிக்காக்காரன் வேப்ப மரத்துக்கே பேடண்ட் வாங்கிவிட்டான்’ என்பது மேடைக்கு உதவலாம், உண்மை அல்ல. மரத்துக்கு யாரும் உரிமை வாங்கவில்லை. அசாடிராக்டின் வெயிலில் சீக்கிரம் சிதையும். புட்டியில் அடைத்து வைத்தாலும் நாளாக நாளாக வீரியம் குறையும். அதனால்தான் விவசாயி வேப்பங்கொட்டைச் சாற்றை அன்றன்றைக்குத் தயாரித்துத் தெளிக்கிறார். பல மாதங்கள் கெடாமல் இருக்கும் கரைசலாக அதை மாற்றுவது உண்மையிலேயே ஒரு தொழில்நுட்பச் சிக்கல். அதற்கு அதே கிரேஸ் நிறுவனம் அமெரிக்காவில் வாங்கிய உரிமையைத் திருட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த உரிமை இருந்ததால் எந்த விவசாயியும் வேப்பங்கொட்டையை ஊறவைப்பதை நிறுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரே மரத்தைச் சுற்றி எழுந்த இரு உரிமைகளில் ஒன்று விழவேண்டியது, மற்றொன்றுக்கு நியாயம் இருந்தது. எது எந்த வகை என்பது பத்திரத்தின் தலைப்பைப் பார்த்தால் தெரியாது. அதிலுள்ள உரிமைக் கோரிக்கைகளை வரி வரியாகப் படித்து, விஷயம் தெரிந்தவரிடம் கேட்டால்தான் தெரியும்.

காப்புரிமை என்ற ஏற்பாட்டின் மீதே எனக்குக் கோபம் கிடையாது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்குள் வந்து சேர்ந்த ஆக்ஸிமீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் நிஹோன் கோடன் நிறுவனத்தில் பணியாற்றிய தகுவோ அயோயாகி, இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவைக் கணக்கிட, சாயம் செலுத்திக் காது மடலில் ஒளியைப் பாய்ச்சி அளந்துகொண்டிருந்தார். நாடித்துடிப்பால் உண்டாகும் ஏற்ற இறக்கம் அளவீட்டைக் கெடுத்தது. இரண்டு அலைநீளங்களில் அளந்து ஒன்றால் மற்றொன்றைச் சமன்செய்து அந்தத் துடிப்பை அழிக்கப் பார்த்தார். ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைந்தபோது அந்தச் சமன்பாடு குலைந்தது. தொல்லையாக இருந்த துடிப்பே தமனி ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவைச் சொல்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. சதையும் சிரை ரத்தமும் ஒளியை உறிஞ்சுவது ஏறத்தாழ மாறாமல் இருக்க, தமனி ரத்தம் மட்டுமே துடிப்போடு கூடிக் குறைகிறது. கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து இரு நிறங்களிலும் ஒப்பிட்டால் போதும். ஊசியும் வேண்டாம், ரத்த மாதிரியும் வேண்டாம். 1974 மார்ச் மாத இறுதியில் இதற்கு விண்ணப்பம் போனது. ஒரு மாதத்துக்குள்ளாகவே மினோல்டா நிறுவனமும் அதே கருத்தோடு விண்ணப்பித்தது.

காப்புரிமை எதற்காக இருக்கிறதோ அதற்கு இது சரியான எடுத்துக்காட்டு. அதுவரை யாருக்கும் தெரியாத ஒன்று, எப்படிச் செய்வது என்ற விளக்கத்தோடு பொதுவில் வைக்கப்பட்டது. பதிலுக்குச் சில ஆண்டுகளுக்கு மட்டும் தனியுரிமை. 1980களில் அமெரிக்க நிறுவனங்கள் அதே கொள்கையின் மேல் கருவியைச் செம்மைப்படுத்தின; அறுவை அரங்குகளில் அது இன்றியமையாததாயிற்று. அடிப்படைக் காப்புரிமையின் காலம் முடிந்து வெகுநாள் ஆனபின் வந்த பெருந்தொற்றில், யாரும் அந்தக் கொள்கையைத் தடையின்றிப் பயன்படுத்திக் கருவி செய்ய முடிந்தது. 2020 ஏப்ரலில், அந்தக் கருவி உலகுக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட மாதத்தில், அயோயாகி காலமானார். இப்படிப்பட்ட உரிமையை எந்த எதிர்ப்பு மனுவும் அசைக்காது. திறந்த கதவைக் கண்டு நல்ல கண்டுபிடிப்பாளர் அஞ்ச வேண்டிய காரணமும் இல்லை.

சரியாகச் சோதிக்கப்படாத உரிமை எவ்வளவு விலை வைக்கும் என்பதற்குச் சாட்சி மின்னஞ்சல் உலகத்தில் இருக்கிறது. 1971-இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பினார். @ குறியையும் அவரே தேர்ந்தெடுத்தார். அதற்கு அவர் உரிமை எதுவும் கோரவில்லை. கம்பியில்லா வழியில் மின்னஞ்சல் அனுப்புவதற்கு 1990களில் வாங்கப்பட்ட சில உரிமைகளை வைத்துக்கொண்டு என்டிபி என்ற அமெரிக்க நிறுவனம் 2001-இல் பிளாக்பெர்ரி தயாரிப்பாளர்கள் மீது வழக்குத் தொடுத்தது. என்டிபி அப்படிப்பட்ட சேவை எதையும் நடத்தவில்லை. வழக்கு நடக்கும்போதே அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் அந்த உரிமைகளை மறுஆய்வுக்கு எடுத்து, ஒவ்வொன்றாக நிராகரிக்கத் தொடங்கியிருந்தது. முன்பே வெளிவந்திருந்த நார்வே நாட்டுத் தொலைத்தொடர்பு ஆவணங்கள் அதில் முக்கியச் சான்றாயின. ஆனால் நீதிமன்றம் அதற்காகக் காத்திருக்கவில்லை. சேவையே நின்றுவிடும் என்ற அச்சத்தில் 2006 மார்ச்சில் பிளாக்பெர்ரி நிறுவனம் 61.25 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. மறுஆய்வில் பல கோரிக்கைகள் பின்னர் விழுந்தன. கொடுத்த பணம் கொடுத்ததுதான். அந்த ஆவணங்கள் உரிமை வழங்கும் முன்பே ஆய்வாளர் மேசைக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. அமெரிக்காவே பின்னர் பாடம் கற்றது: 2011 சட்டத்தின் மூலம், வழங்கப்பட்ட உரிமையை அலுவலகத்திலேயே எதிர்த்து வழக்காடும் புதிய முறையைக் கொண்டுவந்தது. அதுவரை வேற்று நாட்டில் அச்சேறாத வழக்கம் அங்கே சான்றாகவே ஏற்கப்படவில்லை. 1995-இல் மஞ்சளால் புண்ணை ஆற்றும் முறைக்கு மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு உரிமை கிடைத்தபோது, நம் பாட்டிமார் சாட்சி சொன்னால் போதாதென்று, நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைத் தேடி எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது. உரிமை 1997-இல் ரத்தானது. அந்த எழுத்துக் கட்டாயத்தையும் 2011 சட்டம் தளர்த்தியது.

உலகம் நம் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கும்போது நாம் எங்கே போகிறோம்? நம் 1970 காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவு, உரிமை வழங்கும் முன்பே எவரும் எதிர்ப்பு மனு கொடுக்கலாம் என்கிறது. எவரும் என்றால் எவரும்: போட்டி நிறுவனமாக இருக்க வேண்டாம், பாதிக்கப்பட்டதாக நிரூபிக்க வேண்டாம். ரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கை எதிர்த்து நோயாளிகளின் உதவிச் சங்கம் தந்த மனு உள்ளிட்டவற்றைக் கேட்டு, 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் நோவார்டிஸ் விண்ணப்பத்தை நிராகரித்தது இந்தக் கதவின் வழியாகத்தான். 2013-இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் உரிமையை நீட்டிக்க ஜான்சன் அண்ட் ஜான்சன் போட்ட விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டபோது, எதிர்த்து நின்றவர்கள் அந்நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள். ஒருவர் இந்தியர், ஒருவர் தென்னாப்பிரிக்கர். அதுவரை இம்மனுவுக்குக் கட்டணம் இல்லை. 2024 மார்ச்சில் வந்த திருத்த விதிகள் கட்டணம் விதித்தன. மனு விசாரிக்கத் தக்கதா என்று முதலில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளரே முடிவு செய்யவும் வழி செய்தன.

இதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. போட்டி நிறுவனங்கள் பினாமிப் பெயர்களில் ஒன்றன்பின் ஒன்றாக மனு போட்டு, நியாயமான விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பது நடந்திருக்கிறது. இருபது ஆண்டு உரிமை விண்ணப்பித்த நாளிலிருந்தே எண்ணப்படுவதால், தாமதமாகும் ஒவ்வோர் ஆண்டும் கண்டுபிடிப்பாளருக்கு நஷ்டம். ஆனால் அந்த நோய்க்குக் கட்டணம் மருந்தாகாது. கோடிகள் புழங்கும் நிறுவனத்தைக் கட்டணம் தடுக்காது. நோயாளிச் சங்கத்தையும் சித்த மருத்துவரையும் தடுக்கும். காலதாமதம்தான் சிக்கல் என்றால் மனு கொடுக்கக் கெடு வைக்கலாம். ஒரே ஆதாரத்தைத் திரும்பத் திரும்ப வைக்கும் மனுக்களைச் சேர்த்து ஒரே நாளில் விசாரிக்கலாம். மனுவுக்குப் பின்னால் யார் பணம் இருக்கிறது என்று சொல்லச் செய்யலாம். ஆய்வாளர்களின் எண்ணிக்கையைக் கூட்டலாம். தவறான உரிமையைப் பிறகு நீதிமன்றத்தில் ரத்து செய்துகொள்ளலாமே என்பது அடுத்த வாதம். மியூனிக்கின் பத்தாண்டும் பிளாக்பெர்ரியின் 61.25 கோடி டாலரும் அதற்குப் பதில். மரபறிவு மின்னூலகம் இருக்கிறதே என்றும் சொல்வார்கள். 2001-இல் தொடங்கிய அந்நூலகம் சித்த மருத்துவ நூல்களையும் ஐந்து மொழிகளில் பெயர்த்து உலகக் காப்புரிமை அலுவலகங்களுக்குத் தந்திருக்கிறது. பெருமைப்பட வேண்டிய வேலை. ஆனால் அதில் இருப்பது ஏட்டில் ஏறியது மட்டுமே.

ஏட்டில் ஏறாததற்கும் நம் சட்டம் இடம் வைத்திருக்கிறது. உள்ளூர் அல்லது பழங்குடிச் சமூகத்திடம் வாய்மொழியாகவோ வேறு விதமாகவோ இருக்கும் அறிவில் ஏற்கெனவே உள்ளதுதான் இந்தக் கண்டுபிடிப்பு என்பதையே எதிர்ப்புக்கான காரணமாகச் சொல்லலாம் என்று அதே 25(1) பிரிவின் ‘கே’ உட்பிரிவு அனுமதிக்கிறது. இன்று அந்த உட்பிரிவைக் கையில் எடுத்துக்கொண்டு ஒரு மலைக் கிராமத்தவர் வந்தால், விசாரணை அறைக்குள் போகும் முன்பே கட்டணம் கட்ட வேண்டும். எழுத்தில் இல்லாத தன் அறிவு விசாரிக்கத் தக்கதுதான் என்று முதற்பார்வையிலேயே ஓர் அதிகாரியை நம்பவைக்கவும் வேண்டும். 25(1) பிரிவின் கீழ் வரும் மனுக்களுக்கு, குறைந்தபட்சம் தனிநபர்களும் லாப நோக்கற்ற அமைப்புகளும் கொடுக்கும் மனுக்களுக்காவது, மத்திய அரசு இந்தக் கட்டணத்தை உடனே நீக்க வேண்டும்.