மனப்பாட வித்தை

ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் பாஷை வராது என்று நம் படித்தவர்கள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மயிலம், திண்டிவனம் பக்கத்துத் தமிழ் மீடியம் பிள்ளைகளும் அதை நம்பித் தலை குனிந்துகொள்கிறார்கள். இதைவிடப் பெரிய பொய் வேறில்லை.

2019 முதல் பிளஸ் டூவில் பைதான் பாடம் இருக்கிறது. அந்தப் பாஷை தனக்கென்று ஒதுக்கி வைத்துக்கொண்ட ஆங்கிலச் சொற்கள் 35தான். சினிமாவிலும் பஸ்ஸிலும் நம் பிள்ளைகள் தினம் விழுங்கும் ஆங்கிலம் அதைவிட அதிகம். தடை ஆங்கிலமல்ல, வாசிக்கக் கற்றுக்கொடுக்காமலே எழுதச் சொல்கிறோமே, அதுதான்.

சந்தேகமிருந்தால் ஆங்கிலத்தையே விலக்கிவிட்டுப் பாருங்கள். முத்தையா அண்ணாமலை 2007-இல் தொடங்கி உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியில் ஐந்து வரி:

எண் = 1
@(எண் <= 3) வரை
பதிப்பி எண்
எண் = எண் + 1
முடி

எல்லாம் தமிழ்தான். ஆனாலும் நாலாம் வரியில் தமிழ்ப் பண்டிதரே திகைப்பார். எண்ணும், அதோடு ஒன்று கூட்டியதும் எப்படிச் சமமாகும்? ஆகாது. கணக்கில் சமக்குறியாக இருந்தது இங்கே கட்டளை: வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, விடையை இடப்பக்கப் பெயரில் போட்டு வை என்று பொருள். லண்டன் பிள்ளைக்கும் இதை யாராவது சொல்லித்தான் ஆகவேண்டும்.

எப்படிச் சொல்வது? 1938-இல் தொடங்கிய மயிலம் தமிழ்க் கல்லூரியில் போய்க் கேட்கலாம். காண்டிகையுரைக்கு நன்னூல் ஐந்து அங்கம் வகுத்திருக்கிறது: கருத்து, பதப்பொருள், உதாரணம், வினா, விடை. இந்த ஐந்து வரிக்கும் அதுவே போதும். கருத்து, ஒன்று முதல் மூன்று வரை அச்சிடுவது. பதப்பொருள், அடைப்புக்குள் இருப்பது மெய்யாக உள்ளவரை, ‘முடி’க்கு முந்திய வரிகளைத் திரும்பத் திரும்பச் செய் என்பது. உதாரணம், காகிதத்தில் எண்ணின் மதிப்பை 1, 2, 3, 4 என்று அடித்து அடித்து எழுதிப் பார்ப்பது. நாலானதும் வேலை நிற்கும். வினா: மூன்றாம் வரியையும் நாலாம் வரியையும் இடம் மாற்றினால்? விடை: 2, 3, 4. நாலாம் வரியையே எடுத்துவிட்டால்? ஒன்றையே அச்சிட்டுக்கொண்டு நிற்காமல் ஓடும்.

நாமோ உரையைத் தூர எறிந்துவிட்டு, சூத்திரத்தை மட்டும் உருப்போடச் சொல்கிறோம். உருப்போட்டவனுக்கு ஒரு வரி இடம் மாறினால் கண் இருண்டுவிடுகிறது. மார்க் வருகிறது, பாஷை வருவதில்லை. பழியை ஆங்கிலத்தின் தலையில் கட்டிவிடுகிறோம். அதில் நமக்கொரு சௌகரியமும் உண்டு: நம் வீட்டுப் பிள்ளைக்குப் போட்டி குறைகிறதல்லவா?