குண்டு மழையிலும் பந்தாட்டம்

"ஊர் பற்றி எரியும்போது விளையாட்டு ஒரு கேடா?" என்று கேட்பவர் உண்டு. கேள்வி நியாயமானதே. உக்ரேன் தேசத்தார் அதற்கு அளித்த விடையை நாம் கவனிக்க வேண்டும்.

2022 பிப்ரவரி 24-ந் தேதி ருஷ்யப் படைகள் புகுந்ததும் அங்கே கால்பந்துப் பந்தயங்கள் அடியோடு நின்றன. செர்னிஹிவ் நகர மைதானத்தைக் குண்டுகள் சிதைத்தன. ஆயினும் ஆறு மாதத்திற்குள், ஆகஸ்டு 23-ந் தேதி, கீவ் நகரில் பந்தயம் மீண்டும் தொடங்கிற்று. வேடிக்கை பார்க்க ஜனங்கள் கிடையாது. பதுங்குமிடம் அருகில் இருக்கவேண்டும். அபாயச் சங்கு ஊதினால் பதுங்கவேண்டும். ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆடவேண்டும். மறுநாள் லிவிவ் நகரில் ஒன்றரை மணி ஆட்டம் முடிய ஏறக்குறைய நாலரை மணி பிடித்தது!

ஆனால், பந்தயம் நடப்பது மட்டும் மீட்சியாகாது. கார்கிவ் நகரில் 2023-ல் சுரங்க ரயில் நிலையங்களிலே பள்ளிக்கூடம் நடத்தினார்கள். நிலவறையில் பாடம் நடக்கும். குழந்தை ஓட இடமேது? 2024-ல் பாரிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில் யாரொஸ்லாவா மஹுசிக் உயரத் தாண்டலில் தங்கம் வென்றது பெருமைதான். அவருக்குப் பின் தாண்டவேண்டிய கால்கள் முடங்கிவிட்டால் அப்பெருமை எத்தனை நாளைக்கு?

ஆகவே முதலில் பத்திரமான இடம், அடுத்து பயிற்சி தரும் உபாத்தியாயர், பிறகே பதக்கம். இதுவே சரியான வரிசை என்போம். பரீட்சை வந்தாலே தேகப்பயிற்சி நேரத்தைக் கணக்குப் பாடத்துக்குத் தாரை வார்க்கும் பள்ளிக்கூடங்களும் இதைச் சற்று யோசிக்கட்டும்.