லயத்து வாசலும் அயலவன் வண்டியும்

பட்டணத்திலே அயலவன் ஒருவன் தன் வாகனத்தைக் கொண்டுவந்து நம் வாயிலை மறித்து நிறுத்துவானாயின், வழக்கு எளிது. வாயில் யாருடையது என்பதற்கு உறுதி உண்டு. முறையிட நகர சபை உண்டு. பொலிஸ் நிலையமும் தொலைவில் இல்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் நிலைமை வேறு. ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவை, தலவாக்கலை எங்கணும், லயத்து வாசலில் ஒரு முச்சக்கரவண்டி குறுக்கே நிற்குமாயின், "இது என் வாசல்" என்று சொல்லும் உரிமை இரு திறத்தார்க்கும் இல்லை. வாசல் தோட்டத்துக்குரியது, காம்பிராவும் தோட்டத்துக்குரியது. வண்டி ஒன்றுதான் அவனுக்குரியது; அதுவும் லீசிங் பணம் கட்டி முடிந்த பின்னரே.

லயம் என்பது கோப்பிக் காலத்துக் கணக்கு. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஒரு காம்பிரா, அதற்கு முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, மழைநீர் ஓடும் கான், கானுக்கு அப்பால் நீள வாசல், வாசலின் விளிம்பில் பள்ளம் அல்லது மண்மேடு. காலால் நடப்பவர்களுக்கென அளந்த இடம் அது. முச்சக்கரவண்டியின் அகலம் ஏறக்குறைய நாலேகால் அடி. நீளம் ஒன்பதடிக்குச் சிறிது குறைவு. அதாவது, ஒரு குடும்பம் உண்டு உறங்கும் காம்பிராவில் மூன்றிலொரு பங்களவு இடம் அதற்கு வேண்டும். அந்த வாசலிலேதான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள், விறகு காய்கிறது, கலியாணப் பந்தல் எழுகிறது, சில தோட்டங்களில் காமன் கூத்தும் நடக்கிறது, பாடை கட்டுவதும் அங்கேதான்.

பின் ஏன் அங்கே நிறுத்துகிறான்? கீழே வீதியோரத்தில் விட்டுவந்தால் பற்றரி போய்விடும், பெற்றோல் போய்விடும் என்னும் அச்சம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர்ப் பழைய வண்டியின் விலையும் ஏறிற்று. கொழுந்துக் கூலிக்கு வெளியே ஒரு குடும்பம் கண்ட முதற் சொத்து பல இடங்களில் இந்த வண்டியே. அதைக் கண்ணெதிரே வைத்துக் காக்க விரும்புவதை அகந்தை என்று கூறிவிடுதல் நியாயமன்று. ஆனால் ஒரு முழம் தள்ளி நிறுத்த இடமிருந்தும், கடைசிக் காம்பிராக்காரர் பக்கவாட்டில் உடலை ஒடுக்கிச் செல்லும்படி நிறுத்துகிறானே, அதற்கு என்ன சமாதானம்? விடியுமுன் எஞ்சினை முடுக்கி, கைக்குழந்தை உறங்கும் அடுத்த இஸ்தோப்புக்குள் புகையைச் செலுத்துகிறானே, அதற்கு?

அயலவர் வாய் திறப்பதில்லை. கோழைத்தனத்தால் அன்று. நடு இரவில் பிரசவ வலி கண்டால், முதியவருக்கு மூச்சு முட்டினால், அவர்கள் ஓடிப்போய்த் தட்டுவது அந்த வண்டிக்காரனின் கதவையே. 2016இல் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய 1990 அம்புலன்ஸ் சேவை பெரும் உபகாரந்தான். ஆயினும் குண்டும் குழியுமான செங்குத்துப் பாதையில் அது எல்லா லயங்களுக்கும் ஏறி வருதல் இயலாது. டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கோ நுவரெலியாவுக்கோ நோயாளியைக் கொண்டு சேர்ப்பது, பகலெல்லாம் வழியை மறித்து நின்ற அதே வண்டிதான். ஒப்புரவைப் பாடிய வள்ளுவர் ஊர் நடுவே பழுத்த மரத்தை உவமை காட்டினார். இந்த வண்டியும் அத்தகையதே. மரம் ஊர் நடுவே பழுக்கலாம். நடைபாதையின் நடுவே வளரலாகாது என்பதை அவர் தனியே சொல்ல வேண்டியிருக்கவில்லை!

இங்கேதான் சிக்கல் பிறக்கிறது. இரவுப் பயணத்துக்குப் பல வேளை அவன் பணம் வாங்குவதில்லை. ஆதலின், வாசலுக்கான வாடகையை அவ்வாறு செலுத்திவிட்டதாக அவன் மனம் எண்ணுகிறது. அயலவரோ, அந்த உதவிக்குத் தங்கள் மௌனமே விலையென்று எண்ணுகிறார்கள். இருவரும் வெளியே சொல்லாத இரண்டு கணக்குகள்! ஒரு நாள் கழுவிய நீர் வண்டியின் இருக்கையில் கொட்டப்படுகிறது. மறுநாள் சக்கரத்தில் ஆணி ஏறுகிறது. அதன் பின் ஓர் இரவு, நோய் கண்ட வீட்டார் அந்தக் கதவைத் தட்டக் கூசி, விடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். நாம் அஞ்சுவது அந்த இரவையே.

ஆதலால், பேச்சு முந்த வேண்டும்; அதுவும் பகலிலே, சவாரிக்கு வந்தவர்கள் முன்னிலையில் அல்லாமல், அவன் ஓய்ந்திருக்கும் வேளையிலே. "தம்பி, எங்கம்மாவ எந்த ராத்திரி தூக்க வேண்டி வருமோ தெரியல, வண்டிய அந்தாண்ட கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க ராசா" என்று மூத்தவள் ஒருத்தி சொல்வதைத் தட்டுகிறவர் அரியர். நியாயமாகப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியவன் வண்டிக்காரனே: "அக்கா, இப்படி நிறுத்தினா உங்களுக்கு இடஞ்சலா?" வண்டிக்கும் சுவருக்கும் இடையே ஒரு கட்டிலை நால்வர் தூக்கிச் செல்ல வழி எஞ்சுகிறதா என்பதே அளவுகோலாகட்டும். தோட்டத் தலைவரிடம் செல்வது இரண்டாம் படி. இருவரும் வெவ்வேறு தொழிற்சங்கத்தாராயின், ஒரு முழ வாசல் சங்கப் பிணக்காக வளர்ந்துவிடும் ஆபத்து உண்டு. அந்நிலையில் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. தீர்ப்பு வழங்குவதன்று, இணக்கம் காண்பதே அதன் பணி. ஒரே சுவரைப் பகிர்ந்து உறங்கப் போகிறவர்களுக்குப் பொலிஸ் முறைப்பாட்டினும் அது ஏற்றது.

லயத்தின் கோடியில் வண்டிகளுக்கென ஓரிடம் ஒதுக்குதல் இன்னும் நன்று. துரையிடம் கேட்டுப் பெறலாம். ஆனால் இடம் வேண்டுமென்று மண்மேட்டை அரிந்துவிடலாகாது. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கவில்லை.

இனி, அரசினர்க்கும் கம்பெனிகளுக்கும் ஒரு சொல். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. தோட்டப் பாதைகளைக் கைவிட இனிச் சபைகளுக்குச் சாக்கில்லை. புதிய வீட்டுத் திட்டங்களில் முன்னர்க் குடும்பத்துக்கு வகுத்த 7 பேர்ச் காணி என்பது, ஏறக்குறைய 1,900 சதுர அடி. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த 10,000 வீடுகளும் காணிகளையே வேண்டி நிற்பவை. ஜப்பானில், நிறுத்த இடமுண்டு என்று காட்டினாலன்றிக் கார் வாங்கவொண்ணாது என 1962இலேயே சட்டம் செய்தார்கள். காணியே இல்லாத மக்களிடம் அதைக் கேட்பது கேலியாகும். இங்கே அந்தப் பொறுப்பு வரைபடம் கீறுவோருடையது. வீட்டு வரிசைக்கு முன்னே கொங்கிறீட் பாதை போடும்போதே, வண்டி ஒதுங்கி நிற்க அரைவட்டமாக ஓரிடம் விட்டு, அம்புலன்ஸ் திரும்பும் அகலத்தையும் அதே தாளில் குறிப்பார்களாக.