எழவு வீட்டுச் சத்தம்

‘ராக் மியூசிக்கா? ஐயோ, காட்டுக்கத்தல்!’ என்று காதைப் பொத்திக்கொள்பவரா நீங்கள்? தயவுசெய்து பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களோடு சண்டை போடத்தான் இந்த வாரம் வந்திருக்கிறேன்.

பண்ருட்டி பக்கம் அண்ணாகிராமம். நண்பரின் அப்பா தவறிவிட்டார். எண்பதைத் தாண்டிய மனிதர், கல்யாணச் சாவு. வாசலில் பந்தல், ஐஸ் பெட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகள். பந்தலுக்கு வெளியே பலாமரத்தடியில் பறை அடிக்கிற நாலு பேர். அதில் மூத்தவருக்கு அறுபது வயதிருக்கும். வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தீயில் காட்டிக் காட்டித் திருப்பினார். விரலால் சுண்டிப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடி தீ, மறுபடி சுண்டல். கிடார்க்காரன் கம்பியை முறுக்கி முறுக்கி சுருதி சேர்க்கிறானே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்கள்?

அப்புறம் அடித்தார்கள் பாருங்கள்... சத்தம் நேரே நெஞ்சுக்கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நிதானமாக ஆரம்பித்து, மாலையோடு வருகிற கூட்டம் ஏற ஏற வேகம் கூட்டி, பிணத்தைத் தூக்கும்போது சட்டென்று வேறு அடிக்கு மாறினார்கள். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக் கண்ணைக்கூடக் காட்டவில்லை.

பக்கத்தில் சென்னையிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர். “இந்தக் காட்டுச் சத்தத்தை யாராவது நிறுத்தச் சொல்லுங்களேன் சார், தலை வலிக்குது” என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவர் செல்போன் அலறியது. சினிமா குத்துப்பாட்டு. அதே தோல், அதே அடி!

இன்னொன்றையும் கவனித்தேன். அந்த அறுபது வயதுக்காரரை மீசை முளைக்காத ஒரு பையன், “டேய், இங்க வாடா, கிளம்பப் போவுது” என்று கூப்பிட்டான். அவர், “இதோ வந்துட்டேன் சாமி” என்றார்.

இதற்கும் ராக் மியூசிக்குக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. எழவு வீட்டிலிருந்து பிறந்த இரண்டு ஆல்பங்களைப் பற்றிச் சொல்கிறேன்.

முதலாவது ஆஸ்திரேலியச் சரக்கு. ஏசி/டிசி என்ற ஹார்ட் ராக் குழு. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கிடார் வாசித்த மால்கம் யங், ஆங்கஸ் யங் என்ற அண்ணன் தம்பிகளின் அக்கா, தையல் மிஷினில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சொன்ன பெயர் அது. 1980 பிப்ரவரி 19-ல் அவர்களுடைய பாடகர் பான் ஸ்காட் லண்டனில் இறந்துபோனார். குடி. வயது 33. கடையை மூடிவிடலாமா என்று யோசித்தவர்கள், பிரையன் ஜான்சன் என்பவரைக் கூட்டி வந்தார்கள். மனிதர் அப்போது வட இங்கிலாந்தில் கார் கூரை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஏப்ரல், மே இரண்டு மாதம் பஹாமாஸ் தீவில் ரெக்கார்டிங். மட் லாங்கே தயாரிப்பாளர். ஜூலை 25-ல் ஆல்பம் வெளியே வந்துவிட்டது. பெயர் ‘பேக் இன் பிளாக்’. செத்தவனுக்குத் துக்கம் காட்ட அட்டை முழுக்கக் கறுப்பு. முதல் பாட்டு தொடங்குவதே சாவு மணியோடு.

அந்த மணிக்காக அவர்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். இங்கிலாந்தில் லஃப்பரோ என்ற ஊரில் ஜான் டெய்லர் கம்பெனி என்று பழைய மணிப் பட்டறை இருக்கிறது. அங்கே சுமார் 900 கிலோவில் ஒரு மணி வார்க்கச் சொன்னார்கள். ரெக்கார்டிங் வண்டியையே அந்த ஊருக்கு ஓட்டிப்போய் மணியோசையைப் பதிவு செய்தார்கள். பிறகு மணியை ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய் மேடையில் கட்டி அடித்தார்கள்.

அந்த ஆல்பம் உலகம் முழுக்க 5 கோடி பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேல். எழவு வீட்டு மணியை உலகம் காசு கொடுத்து வாங்கிக் கேட்டது, ஆடியது. நம் உறவுக்காரர் மாதிரி ஆட்கள் அங்கேயும் இருந்தார்கள். 1976-ல் ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை, இந்தக் குழுவால் ஹார்ட் ராக்கே அதலபாதாளத்துக்குப் போய்விட்டது என்று திட்டித் தீர்த்தது. அதே பத்திரிகை 1980-ல் இந்த ஆல்பத்தைப் பாராட்டி எழுதியது. குழு ஒன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. இந்தத் தடவை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

இப்போது இரண்டாவது ஆல்பம். நம்மூர்ச் சரக்கு. 2017-ல் இயக்குநர் பா. ரஞ்சித்தும், ‘குரங்கன்’ என்ற ராக் குழுவை நடத்திய டென்மாவும் சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பாட வைத்து, வாசிக்க வைத்துப் பார்த்து, 19 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கானா பாடுபவர்கள், ராப் பாடும் அறிவு, பறை, சட்டி, மோளம் அடிப்பவர்கள், எலெக்ட்ரிக் கிடார், டிரம்ஸ். பெண் என்று இசைவாணி ஒருவர்தான். அயோத்திதாச பண்டிதரின் ‘சாதி பேதமற்ற தமிழர்’ என்ற எண்ணத்திலிருந்து பெயர்: தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். 2018 ஜனவரி 6-ல் கீழ்ப்பாக்கத்தில் முதல் கச்சேரி. மார்கழி மாதம், கவனியுங்கள். சபாக்களில் தம்புரா மீட்டிக்கொண்டிருந்த அதே நாட்களில் இங்கே ஒரு பள்ளிக்கூட மைதானம் அதிர்ந்தது. 2019-ல் ஆல்பம். ‘மகிழ்ச்சி’.

கானா என்றால் என்ன? வட சென்னையில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடுவது. பறை? மேலே சொன்னதுதான். ‘மகிழ்ச்சி’ என்று பெயர் வைத்திருந்தாலும் அதுவும் எழவு வீட்டில் பிறந்த ஆல்பம்தான்.

இவற்றை ஸ்டூடியோவுக்குள் கொண்டுபோவது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்திருக்கிறீர்களா? கானாக்காரருக்கு சுருதிப் பெட்டி கிடையாது, தொண்டை எங்கே நிற்கிறதோ அங்கே ஆரம்பிப்பார். கிடார் அவரிடம் வந்து சேர்ந்துகொள்ள வேண்டும். ஏசி அறையில் பறையின் தோல் தளர்ந்துபோகும், அங்கே வைக்கோல் கொளுத்த முடியாது. கரகரவென்று முறுக்கிவிட்ட ராக் கிடார் பிடிக்கிற இடத்தில்தான் மனிதக் குரலும் பறையும் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றை ஒன்று விழுங்காமல் கேட்க வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

இதைப் பற்றி யார் பேசினார்கள்? எதிர்த்தவர்கள், ‘சாதியில்லை என்று சொல்லிக்கொண்டு சாதியைப் பற்றியே பாடுகிறார்கள்’ என்றார்கள். 2024 நவம்பரில், இந்தக் குழு பல வருஷம் முன்பு பாடிய ஐயப்பன் பாட்டைத் தோண்டியெடுத்து, இசைவாணியைக் கைது செய் என்று போலீஸில் புகார் கொடுத்தார்கள். போகட்டும், அவர்கள் அப்படித்தான்.

என் கோபம் ஆதரித்தவர்கள் மேல். அதாவது நம்மைப் போன்றவர்கள் மேல். ‘எதிர்ப்புக் குரல்’, ‘ஒடுக்கப்பட்டோரின் இசை’ என்று கைதட்டினோம். நல்லது. அதில் ஒரு பறை எங்கே நுழைகிறது, எங்கே விலகுகிறது என்று ஒரு வரி எழுதினோமா? நானும்தான். முதல் தடவை கேட்டபோது வார்த்தைகளை மட்டும் கேட்டுவிட்டுத் தலையாட்டினேன். சபாவில் யாராவது கல்யாணியில் ஒரு சங்கதி தப்பினால் அரைப் பக்கம் எழுதுகிறோம். இவர்களுக்கு மட்டும் முதுகில் தட்டிக்கொடுத்தால் போதுமா? கேட்காமலே பாராட்டுவதும் கேட்காமலே திட்டுவதும் எனக்கு ஒன்றாகத்தான் படுகிறது. சரி, நான் கேட்டேன், சொல்கிறேன்: சில பாட்டுகளில் கோஷம் முந்திக்கொண்டு ஓடுகிறது, கிடார் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நிற்கிறது. தாளம் தனியாக இறங்கும் இடங்களில் எனக்கு அண்ணாகிராமத்துப் பலாமரம் ஞாபகம் வந்தது.

‘அப்படியானால் இவர்கள் சாவுக்கு அடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறீரா?’ என்று ஒரு நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. இனி எழவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கிப் போட்ட ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்து, சொல்லிக்கொடுத்து, 2025-ல் பத்மஸ்ரீ வாங்கினார் வேலு ஆசான். அந்தப் பாதையும் இருக்கிறது. அடிப்பதா வேண்டாமா என்பது அடிக்கிறவர் முடிவு. எனக்குத் தெரிந்ததெல்லாம் இதே கடலூர் மாவட்டத்தில், சிதம்பரத்தில் ஆடுகிறவர் கையில் இருப்பதும் ஒரு தோல் வாத்தியம்தான். அவர் சுடுகாட்டில் ஆடுவதைப் பாடினால் பக்தி. சுடுகாடு வரைக்கும் அடித்துக்கொண்டு போகிறவருக்கு மட்டும் ‘டேய்’.

அண்ணாகிராமத்துக் கதையை முடிக்கவில்லை. பி.காம் படித்தவன் என்ற ஒரே காரணத்துக்காக அன்று செலவுக் கணக்கு நோட்டு என் கையில் வந்தது. பந்தல், கடைப் பெயரோடு. ஐஸ் பெட்டி, பெயரும் போன் நம்பரும். பூ, கடைப் பெயர். கடைசி வரியில் நண்பரின் சித்தப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: ‘மேளம், 4 ஆள்’.

எழுதிவிட்டுப் பார்த்தேன். லஃப்பரோவில் மணி வார்த்த பட்டறையின் பெயர் எனக்குத் தெரியும். பத்தடி தூரத்தில் நிற்கிறவரின் பெயர் தெரியாது. எழுந்துபோய், “ஐயா, உங்க பேர் என்னங்க?” என்று கேட்டேன்.

பறையை உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். கூலியில் ஏதோ பிடித்தம் செய்யப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார் போல. தயங்கித் தயங்கிச் சொன்னார். நோட்டில் எழுதினேன். எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இத எழுதி வச்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?”