காட்டிக்கொடுத்த கை

எமது முற்போக்கு நண்பர்கள் சிலரிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஒரு படைப்பில் ஆலையும் கொடியும் ஊர்வலமும் காணப்படாவிட்டால், அதிற் சமுதாயமே இல்லையென்று தீர்ப்புக் கூறிவிடுவர். எலெய்ன் மே என்ற பெண்மணி எழுதி நெறிப்படுத்திய 'மைக்கியும் நிக்கியும்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பற்றியும் இத்தீர்ப்பையே கேட்டோம்: இரு சில்லறைக் கயவர்கள் ஓரிரவு முழுவதும் சச்சரவிடுகிறார்கள், இதில் எமக்கென்ன என்று. இதனை நாம் வன்மையாக மறுக்கின்றோம்.

பிலடெல்பியா நகரில், தன் கூட்டத் தலைவனின் பணத்தைத் திருடிய நிக்கி, உயிருக்கஞ்சி ஒரு மலிவான ஹொட்டேல் அறையில் ஒளிந்திருக்கிறான். சிறுபராயத் தோழன் மைக்கியை அழைக்கிறான். வந்தவன், நண்பனின் குடற்புண்ணுக்குப் பாலாடை வேண்டிக் கடைக்காரனோடு மல்லுக்கு நிற்கிறான். அதே மைக்கிதான், நிக்கி இருக்கும் இடத்தைக் கொலையாளிக்குத் தெரியப்படுத்துகிறான். அன்பும் பொய்யன்று, துரோகமும் பொய்யன்று. பீற்றர் ஃபோக்கும் ஜோன் கசவெற்றிஸும் இவ்விரண்டையும் ஒரே முகத்திற் காட்டவல்ல நடிகர்கள்.

மைக்கி ஏன் இதைச் செய்தான்? மறுசாராரான தூய கலைவாதிகளிடம் விடை ஆயத்தமாக இருக்கிறது: அது மனிதனின் நித்திய சுபாவமாம்! நாமோ அவன் வாயாற் கூறுவதையே கேட்கிறோம். தேவை வந்தபோது மட்டும் நிக்கி தன்னைத் தேடினான். தலைவன் முன்னிலையில் தன்னைக் கேலிப்பொருளாக்கினான். கவனிக்க: தலைவன் முன்னிலையில். நட்பின் பெறுமதியைக்கூடப் படியளப்பவனின் பார்வையாலேயே அளந்து பழகிவிட்டான் இம்மனிதன். அவனது வீடும் குடும்பமும் அப்பார்வையின் தயவில் நிற்கின்றன. இறந்துபோன தந்தையின் கைக்கடிகாரத்தை நிக்கி வீதியிலே போட்டு உடைக்கும்போது எழும் ஆத்திரம் உண்மையானதே. ஆனால் பேரம் அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

இன்னொன்றையும் கூறவேண்டும். இப்படத்தை ஆண்களின் நட்புக் காவியம் என்று புகழ்வோர், நெல் என்ற பெண்ணின் வீட்டில் நடப்பதை வசதியாக மறந்துவிடுகின்றனர். இரு தோழர்களும் அவளை ஒரு பண்டம்போலக் கைமாற்ற முயல்கின்றனர். அவள் இணங்காதபோது மைக்கி அடிக்கிறான். எலெய்ன் மே அதனை மூடி மறைக்கவில்லை. எம்மவர் ஏன் மறைக்கின்றனர்?

1973இல் படம்பிடிக்கப்பட்ட இப்படைப்பு, 1976 டிசம்பரிலேயே வெளிவந்தது. பணம் பரமவுண்ட் நிறுவனத்தினுடையது. படமோ, நடித்துச் சம்பாதித்த காசைக்கொண்டு தன் படங்களைத் தானே எடுத்த கசவெற்றிஸின் சுயாதீன மரபைச் சேர்ந்தது. எனவே மோதல் மூண்டது. வழக்கு மன்றம்வரை சென்றது. நிறுவனம் தன் விருப்பப்படி வெட்டியொட்டியதையே மக்கள் முதலிற் கண்டனர். அவரது சொந்த வடிவம் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது. அவர் நெறிப்படுத்திய அடுத்த படம் வெளிவர 1987 ஆயிற்று. சந்தைதான் கலைஞருக்குச் சுதந்திரம் அளிக்கிறது என்று எமக்குப் பாடம் நடத்துவோர் இக்கணக்கையும் பார்க்கட்டும்.

இறுதிக் காட்சியில், விடியும் வேளையில், மைக்கியின் வீட்டுக் கதவை நிக்கி தட்டுகிறான். பெயர் சொல்லிக் கதறுகிறான். உள்ளே மைக்கி தளபாடங்களை இழுத்துவந்து கதவுக்கு அணை கொடுக்கிறான். அந்தத் தளபாடங்கள் எவனுடைய பணத்தில் வாங்கப்பட்டவை என்று எமது விமரிசகர்கள் ஒருமுறையேனும் கேட்டதுண்டா?