தோற்ற ஆட்டத்தை யார் படிப்பது?

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னை நங்கநல்லூரிலோ அக்கம்பக்கத்திலோ ஏதாவது ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கான செஸ் டோர்னமென்ட் நடக்கும். ரவுண்டு முடிந்து கதவு திறந்ததும் வெளியே காத்திருக்கும் பெற்றோர் கேட்பது ஒன்றுதான்: “ஜெயிச்சியா?” உதட்டைப் பிதுக்கிக்கொண்டு வரும் பிள்ளைக்கு அடுத்த கேள்வி இன்னும் கடுமையாக விழும்: “அவன்கிட்டயா தோத்தே?” தோல்வியைத் தாங்கப் பிள்ளைக்குத் தெரியவில்லை என்று கவலைப்படுகிறோம். கதவுக்கு வெளியே நிற்பவர்கள்தான் அதை முதலில் கற்க வேண்டும்.

2024 நவம்பர் 25. சிங்கப்பூரில் உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் ஆட்டத்திலேயே, வெள்ளைக் காய்களுடன் ஆடிய குகேஷ், அப்போதைய சாம்பியன் டிங் லிரெனிடம் தோற்றார். அன்று லிஃப்ட்டில் சந்தித்த விஸ்வநாதன் ஆனந்த், எனக்குப் பதினோரு ஆட்டங்கள்தான் மிச்சமிருந்தன, உனக்கோ பதின்மூன்று இருக்கின்றன என்ற பொருளில் சொன்னாராம். பட்டம் வென்ற பிறகு குகேஷே இதை நினைவுகூர்ந்தார். 2010இல் சோஃபியாவில் டொபலோவிடம் முதல் ஆட்டத்தைத் தோற்றும் பட்டத்தைக் காத்தவர் ஆனந்த். அவர் சொன்னதில் ஆறுதலும் இல்லை, அறிவுரையும் இல்லை; தானும் தோற்றவன் என்ற தகவலும் ஒரு கணக்கும்தான் இருந்தன. குகேஷ் பன்னிரண்டாவது ஆட்டத்தையும் இழந்தார். டிசம்பர் 12 அன்று பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனார்.

ஆனந்தின் பெரிய தோல்வி நம் ஊரிலேயே நடந்தது. 2013 நவம்பரில் சென்னை ரசிகர்களின் கண்ணெதிரே கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். அடுத்த மார்ச்சில் கேண்டிடேட்ஸ் போட்டியை வென்று மறுபடி சவாலுக்கு வந்தார். பிள்ளைகளுக்கு நாம் சொல்லும் ஆனந்த் கதையில் கோப்பைகள்தான் நிறைய. அந்த நான்கு மாதங்கள் ஏனோ விட்டுப்போகின்றன.

அழுகையை அடக்கச் சொல்ல வேண்டாம். 2025 ஜூனில் குகேஷிடம் தோற்ற கார்ல்சனே மேசையை ஓங்கிக் குத்தினார். பிறகு மன்னிப்பும் கேட்டார். அழுது முடிக்க இடம் கொடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் போர்டை விரித்து “உனக்கு எந்த மூவ் பிடிச்சுது?” என்று கேட்கலாம். தோற்ற ஆட்டத்தை எதிராளியுடனே உட்கார்ந்து அலசுவது செஸ்ஸின் பழைய வழக்கம். ஆனால் ஒருநாள் டோர்னமென்ட்டுகள் பெரும்பாலும் ரேபிட் ஆட்டங்கள். அவற்றில் நகர்வுகளை எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆட்டம் அங்கேயே கரைந்துபோகிறது, பிள்ளையின் கையில் மிஞ்சுவது பூஜ்ஜியம் மட்டுமே. அதனால்தான் அதைச் சொல்லிப் பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.

ரேட்டிங் பயமும் பாதி அறியாமைதான். பதினெட்டு வயது வரை, 2300 புள்ளிக்குக் கீழ் உள்ளவர்களுக்கு உலகச் செஸ் சம்மேளனத்தின் நீண்ட நேர ஆட்டக் கணக்கில், ரேட்டிங் எவ்வளவு மாறும் என்பதைத் தீர்மானிக்கும் பெருக்கல் எண் 40. பழகிய பெரியவர்களுக்கு 20. தனக்குச் சமமானவரிடம் தோற்றால் பிள்ளைக்கு இருபது புள்ளி போகும், பெரியவருக்குப் பத்து; ஜெயித்தால் அதே அளவு ஏறும். வளரும் திறமையை ரேட்டிங் எட்டிப்பிடிக்கட்டும் என்றே இப்படி வைத்திருக்கிறார்கள். போனில் அந்த எண்ணைப் பார்த்து முகம் சுருங்கும் அப்பாக்கள் இதை அறிந்தால் நல்லது.

எண்ணை வைத்துப் பிள்ளையை அளக்கும் பழக்கம் பள்ளியிலும் உண்டு. பிளஸ் டூ முடிவுகளில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதைத் தமிழக அரசு 2017இல் நிறுத்தியது, நல்ல முடிவு. அதற்காகப் போட்டியையே ஒழிப்பதோ, எல்லாருக்கும் மெடல் மாட்டுவதோ வழியென்று நான் நினைக்கவில்லை. தான் தோற்றது பிள்ளைக்குத் தெரியும்; அதற்கு வேண்டியது மறுபடி ஆட ஒரு வாய்ப்பு. பாட்டியோடு தாயம் ஆடும்போது வெட்டுப்பட்டாலும் மறுபடி தாயம் போட்டு உள்ளே வரலாம். செஸ்ஸின் ஸ்விஸ் முறையிலும் யாரும் வெளியேற்றப்படுவதில்லை; தோற்றவருக்கு அடுத்த ரவுண்டில் தன்னைப்போல் தோற்ற ஒருவர் எதிரே வருவார், எல்லாரும் கடைசி ரவுண்டு வரை ஆடலாம். கேரமிலும் பேட்மின்டனிலும் முதல் சுற்றிலேயே சின்னப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் பள்ளிகள் இதைச் செய்து பார்க்கலாம். கூடுதலாக வேண்டியது கொஞ்சம் நேரமும் இன்னும் இரண்டு கேரம் போர்டுகளும்தான்.