ஒத்தடப் பை யாருக்கு?

மூட்டு வலி, முதுகு வலி இல்லாத வீடு இன்றைக்கு ஏது? வலி என்றதும் கடைக்கு ஓடி ஒத்தடம் கொடுக்க ஏதோ ஒரு பையை வாங்கி வந்துவிடுகிறோம். விலை என்ன, எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்றெல்லாம் கேட்கிறோமே தவிர, யாருக்காக வாங்குகிறோம் என்று யோசிப்பதில்லை.

என் மாமியாருக்குப் பல வருஷமாக சர்க்கரை வியாதி. அம்மாவுக்குக் கால் வலிக்குதே என்று என் நாத்தனார் ஆசையாக ஒரு மின்சார ஒத்தடப் பை வாங்கி அனுப்பினார். மாமியாருக்குப் பாதம் மரத்துப் போயிருந்ததால் சூடு உறைக்கவே இல்லை. காலையில் பார்த்தால் பெரிய கொப்புளம்! புண் ஆற இரண்டு மாசம் ஆச்சு. பையில் ஒரு கோளாறும் இல்லை. அவருக்கு அது ஏற்றதில்லை, அவ்வளவுதான். சர்க்கரை உள்ளவர்களுக்கு டாக்டரைக் கேட்காமல் பாதத்தில் சூடு வைக்கவே கூடாது.

என்னைக் கேட்டால், மற்ற பெரியவர்களுக்குப் பழைய ரப்பர் வெந்நீர்ப் பையே மேல். அசந்து தூங்கினாலும் அது தானாக ஆறிவிடும். ஆனால் கொதிக்கிற தண்ணீரை ஊற்றக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, காற்றை வெளியேற்றி மூடி, துண்டு சுற்றித்தான் வைக்க வேண்டும். ரப்பர் வெடிப்பு விட்டிருந்தால் தயங்காமல் தூக்கிப் போடுங்கள்.

ஹீட்டிங் பேட் வாங்குபவர்கள் ஐ.எஸ்.ஐ. முத்திரையும், தானே அணைகிற வசதியும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் மேல் படுத்துத் தூங்கக் கூடாது. கரண்டில் சூடேற்றும் தண்ணீர்ப் பை என்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் உடம்பில் வைக்க வேண்டும். எந்தப் பையானாலும் 15 முதல் 20 நிமிஷம் போதும். தைலம் தடவிய இடத்தில் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்துவிடும், ஜாக்கிரதை!

இன்னொன்று, கால் சுளுக்கி வீங்கியதும் வெந்நீரைத் தேடாதீர்கள். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ்தான். சூடு பழைய வலிக்கும் இறுகிய தசைக்கும்தான் இதம்.

கடைக்காரர்களும் பையை எடுத்துக் கொடுக்கும்போது, "யாருக்கும்மா? சர்க்கரை இருக்கா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் புண்ணியமாகப் போகும். செய்வார்களா?

- ஓர் இல்லத்தரசி, திண்டுக்கல்.